தொண்ணூற்றைந்தாவது சடலம்

மத்தியகால இங்கிலாந்தில் நடக்கும் துப்பறியும் நாவல்களுக்கு உலகெங்கும் வாசகர்களைத் தேடித்தந்தவர் ஈடித் மேரி பார்ஜெட்டர். எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில்தான் பலருக்கும் அவரைத் தெரியும். 1913 செப்டம்பர் 28 அன்று, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில் ஹார்ஸ்ஹே என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை அங்கிருந்த இரும்பாலையில் எழுத்தர். ஈடித் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. பள்ளி முடித்த பின் பக்கத்து ஊரான டாலியில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராகச் சேர்ந்து, 1933 முதல் 1940 வரை அங்கே வேலை பார்த்தார். எந்த மருந்து எந்த அளவில் குணமாக்கும், எந்த அளவில் கொல்லும் என்று அந்தக் கடையில் கற்றது பிற்காலத்தில் அவருடைய கதைகளுக்கு முதலாயிற்று. முதல் நாவல் 1936இல், அவர் கடையில் இருந்தபோதே வெளிவந்தது.

இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து லிவர்பூலில் தொலைஅச்சுப் பிரிவில் பணியாற்றினார். அந்தப் பணிக்காக 1944இல் பிரிட்டிஷ் எம்பயர் பதக்கம் பெற்றார். போருக்குப் பின் 1947இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய்வந்தவர், அந்த நாட்டின் மேல் கொண்ட பற்றினால் செக் மொழியைத் தானே கற்றுக்கொண்டு அதன் இலக்கியங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். போஹுமில் ஹ்ரபாலின் புகழ்பெற்ற ரயில் நிலைய நாவலும் அவற்றுள் ஒன்று. புனைபெயரிலும் அந்த நாட்டுக்குப் பங்கு உண்டு. எல்லிஸ் அவருடைய அண்ணன் பெயர். பீட்டர்ஸ், செக் நண்பர் ஒருவரின் மகள் பெட்ராவின் பெயரிலிருந்து வந்தது. இந்தப் பெயரில் முதலில் அவர் எழுதியவை சமகாலத் துப்பறியும் கதைகள். அவற்றில் ஒன்று 1963இல் அமெரிக்காவின் எட்கர் விருதை வென்றது. 1972இல் வந்த ‘டெத் டு த லேண்ட்லார்ட்ஸ்’ தென்னிந்தியாவில் நடப்பது. நிலவுடைமையாளர் கொலையும் நக்சலைட் அரசியலும் அதன் கரு.

வயது அறுபதைக் கடந்த பிறகுதான் அவருக்கு உலகப் புகழ் கிடைத்தது. ஷ்ரூஸ்பரி நகரின் பழைய வரலாற்று நூல் ஒன்றில் புனித வினிஃப்ரெட்டின் எலும்புகளைப் பற்றிய செய்தி அவர் கண்ணில் பட்டது. 1083இல் தொடங்கப்பட்ட ஷ்ரூஸ்பரி பெனடிக்டின் மடத்துக்குச் சொந்தமாக ஒரு புனிதரின் திருப்பண்டம் இல்லை. அது இருந்தால்தான் யாத்திரிகர் வருவார்கள், காணிக்கையும் வரும். மடத்தின் துணைத் தலைவர் ராபர்ட், வேல்ஸின் குய்தரின் கிராமத்துக்குச் சிலரை அழைத்துக்கொண்டு போய், அங்கே புதைந்திருந்த புனிதையின் எலும்புகளைத் தோண்டிக்கொண்டு வந்தார். இது 1138 வாக்கில் உண்மையாகவே நடந்தது. ராபர்ட்டே அதை எழுதியும் வைத்திருக்கிறார். அந்தப் பயணத்தில் ஒரு கொலை நடந்திருந்தால் என்ன என்று யோசித்தார் பார்ஜெட்டர். அப்படிப் பிறந்ததுதான் ‘எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்’ (1977). உம்பெர்ட்டோ எக்கோவின் மடாலயக் கொலைக்கதையான ‘ரோஜாவின் பெயர்’ அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்தே வந்தது.

காட்ஃபைல் என்ற துறவி துப்பறியும் அந்த முதல் நாவலைப் பார்ஜெட்டர் தொடராக நினைத்து எழுதவில்லை. 1979இல் வந்த இரண்டாவது நாவலில்தான் தொடர் உறுதிப்பட்டது. அவருடைய முறையும் அதில்தான் முழுதாகத் தெரிகிறது. 1138 ஆகஸ்டில் மன்னர் ஸ்டீபன் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்தார். கோட்டைத் தலைவர் வில்லியம் ஃபிட்ஸ்ஆலன் தப்பியோடிவிட, அகப்பட்டவர்களைத் தூக்கிலிட மன்னர் ஆணையிட்டார். ஏறத்தாழ 94 பேர் மாண்டார்கள் என்பது அக்கால வரலாற்றாசிரியர் ஆர்டெரிக் விட்டாலிஸின் பதிவு. நாவலில், இறந்தவர்களை அடக்கம் செய்ய வரும் துறவி காட்ஃபைல் சடலங்களை எண்ணுகிறார். 95 இருக்கின்றன. அதிகப்படியான இளைஞன் தூக்கில் சாகவில்லை. பின்னாலிருந்து கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார்கள். அரசன் 94 பேரைச் சாகடித்தது சட்டம் என்றும், இந்த ஒன்று மட்டும் கொலை என்றும் சொல்ல முடியுமா என்ற கேள்வியைக் கதை தன் நடையிலேயே எழுப்பிவிடுகிறது. பதிவான வரலாற்றில் அவர் கைவைக்கவில்லை. அது பேசாமல் விட்ட இடத்தில் தன் கற்பனையை வைத்தார். அவருடைய மிகச் சிறந்த நாவல் இதுவே எனலாம்.

காட்ஃபைல் ஐம்பத்தேழு வயதில் வாசகருக்கு அறிமுகமாகும் வேல்ஸ் நாட்டவர். முதல் சிலுவைப் போரில் சண்டையிட்டு, பிறகு கடலோடியாக வாழ்ந்து, நடுவயதில் துறவு பூண்டவர். மடத்தின் மூலிகைத் தோட்டமும் மருந்து காய்ச்சும் குடிலும் அவர் பொறுப்பு. கைரேகை, ரசாயனப் பரிசோதனை எதுவும் இல்லாத காலத்தில் ஒரு விதை, எண்ணெயின் வாடை, உடையில் ஒட்டிய செடித்துணுக்கு ஆகியவைதான் அவருக்குத் தடயம். மூன்றாம் நாவலான ‘மங்க்ஸ் ஹூட்’ (1980) மூட்டுவலிக்குத் தடவ அவரே காய்ச்சிய தைலத்தில் தொடங்குகிறது. அதில் சேர்ந்திருப்பது சித்த மருத்துவத்தில் நாபி எனப்படும் நஞ்சின் இனத்தைச் சேர்ந்த வேர். மேலே பூசினால் வலி போகும், வயிற்றுக்குள் போனால் உயிர் போகும். அதை யாரோ ஒருவரின் உணவில் கலந்துவிடுகிறார்கள். மகனுக்குச் சொத்துரிமை தருவதில் வேல்ஸ் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் வேறுபடுவது இந்த வழக்கின் முடிச்சு. எல்லைப்புறத்தில் பிறந்து வளர்ந்தவருக்கே இந்த முடிச்சு இவ்வளவு இயல்பாகக் கைவரும். பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் இதற்கு வெள்ளிக் குத்துவாள் விருது அளித்தது.

தொடர் முழுவதற்கும் பின்னணி, ஸ்டீபனுக்கும் முதலாம் ஹென்றியின் மகள் மாடில்டாவுக்கும் நடந்த அரியணைப் போர். ஹென்றி 1135இல் இறந்ததும் மூண்ட அந்தக் குழப்பம் 1153 வரை நாட்டை அலைக்கழித்தது. நாவல்களில் முற்றுகையின் விளைவு அடுத்த ஆண்டுச் சந்தையில் தெரிகிறது: இடிந்த மதிலைச் சீரமைக்க நகரத்தார் சந்தை வரியில் பங்கு கேட்க, மடம் மறுக்கிறது. 1141இல் லிங்கன் போரில் மன்னர் சிறைப்பட்டதும் ஷ்ராப்ஷயரின் ஷெரீஃப் பதவி ஆட்டம் காண்கிறது. மன்னர்களின் போரைச் சந்தைக் கடை, வயல், சமையற்கட்டு வழியாகக் காட்டும் இந்தப் பார்வைதான் இவரைப் பிறரிடமிருந்து பிரிக்கிறது.

காட்ஃபைலின் தாராள மனம் 12ஆம் நூற்றாண்டுக்குச் சற்று மிகை என்ற குறை நியாயமானதே. ஒவ்வொரு கதையிலும் இளங்காதலர் இருவர் இணைந்தே தீருவதும் சலிப்பூட்டலாம். ஆனால் குற்றவாளியைச் சட்டத்திடம் ஒப்படைப்பதோடு நீதி முடிவதில்லை என்று நம்பும் ஒரு மனிதரை இருபது நாவல்களிலும் தளராமல் நிறுத்தியது பெரிய சாதனை.

1993இல் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் வைரக் குத்துவாள் விருதும், 1994இல் ஓபிஇ பட்டமும் வந்தன. அந்த ஆண்டிலேயே டெரெக் ஜேக்கபி நடிப்பில் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. கடைசி நாவலும் வெளியானது. 1995 அக்டோபர் 14 அன்று, 82 வயதில், பிறந்த மண்ணான ஷ்ராப்ஷயரிலேயே காலமானார். வரலாற்றுக் குற்றக்கதைகளுக்கு 1999இல் ஏற்படுத்தப்பட்ட விருதுக்கு எல்லிஸ் பீட்டர்ஸ் பெயரைச் சூட்டினார்கள். இனிமேல் படிக்கத் தொடங்குகிறவர்கள் நாவல்களை வெளிவந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. 1137 முதல் 1145 வரை கதையின் காலமும் அதே வரிசையில்தான் நகர்கிறது.