அக்கி எழுதுதல்

தஞ்சை வட்டார ஊர்களில் கொப்புளத்தோடு வரும் நோய்கள் இரண்டு வாசல்களைத் தேடிச் சென்றன. உடல் முழுதும் முத்துமுத்தாய் எழும்பினால் அது அம்மை. வாசலில் வேப்பிலை செருகி, புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள். மராட்டிய மன்னர் துளஜாவின் மகள் நோயால் இழந்த பார்வையை அங்கு மீளப் பெற்றதாகத் தலவரலாறு கூறும். விலாவிலோ முகத்திலோ ஒரு பக்கமாகப் பட்டைபோல் எரிந்தால் அது அக்கி. அதற்கு வேளார் வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

மண்பாண்டம் வனையும் வேளார் காவிக்கல்லை இழைத்து, எரியும் இடத்தில் கோடுகள் தீட்டுவார். சில ஊர்களில் சிங்க உருவமும் வரைவதுண்டு. இதுவே அக்கி எழுதுதல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் இவ்வழக்கைப் பதிவு செய்திருக்கிறது. அக்கி என்றால் நெருப்பு என்றும் பொருளுண்டு. சூளை நெருப்பை ஆளத் தெரிந்தவரிடம் உடலின் நெருப்பையும் ஒப்படைத்தார்கள் போலும்.

அம்மனுக்கென்றும் வேளாருக்கென்றும் நாம் பிரித்துவைத்த சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் வேலை என்பதுதான் வியப்பு. மேலை மருத்துவமும் இதை எளிதில் கண்டுகொள்ளவில்லை. பெரியம்மை வேறு, சின்னம்மை வேறு என்று லண்டனில் வில்லியம் ஹெபர்டன் தெளிவாக விளக்கியதே 1767இல்தான். அக்கி கண்டவர் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹங்கேரிய மருத்துவர் போகாய் கவனித்தார். 1950களில் தாமஸ் வெல்லர் இரு நோய்களின் கொப்புளங்களிலிருந்தும் வைரஸை வளர்த்து, இரண்டும் ஒன்றே எனக் காட்டினார். அக்கி வெளியிலிருந்து புதிதாய்த் தொற்றுவதன்று, உள்ளே உறங்கியது விழிப்பதே என்ற விளக்கத்தை 1965இல் விரிவாக முன்வைத்தவர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயப் பொது மருத்துவர்.

இவ்வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊர்ந்து செல்லுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உதட்டோரக் கொப்புளத்தை உண்டாக்கும் வைரஸ் உட்பட, மனிதரைத் தொற்றும் ஒன்பது வகைகள் இக்குடும்பத்தில் உண்டு. ஒருமுறை நுழைந்தால் உடலை விட்டு நீங்காமை இவையனைத்துக்கும் பொதுவான குணம். மூச்சுக்காற்றாலும் கொப்புள நீராலும் பரவும் சின்னம்மை ஆறிய பின், வைரஸ் நரம்பு வழியே ஏறி முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக்கொள்கிறது. முதுமையாலோ நோயாலோ எதிர்ப்பாற்றல் தளரும்போது, பல பத்தாண்டுகள் கழித்தும், அதே நரம்பின் வழியே தோலுக்குத் திரும்புகிறது. அக்கி ஒரு பக்கமாய்ப் பட்டையிட்டு நிற்பதன் காரணம் இதுவே; அது ஒரு நரம்பின் எல்லைக்கோடு.

பெரியம்மைக்கு இப்படி ஓர் ஒளிவிடம் இல்லை. அதனால்தான் தடுப்பூசிக்கு முன் அது நிற்க முடியவில்லை. இந்தியாவில் 1975இல் ஓய்ந்தது. உலகிலிருந்தே ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. சின்னம்மையோ, வந்து போனவர் ஒவ்வொருவருக்குள்ளும் தங்கிவிடுகிறது.

எனில் வேளாரின் காவி பலித்தது எப்படி? அக்கிக் கொப்புளங்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாமே காய்ந்துவிடும். எழுதியவருக்குப் பெயர் கிடைத்தது. நோயாளிக்கு ஆறுதல் கிடைத்தது. அந்த ஆறுதலை நான் எள்ளமாட்டேன். வேறெதுவும் இல்லாத காலத்தில் அது பெரிய கொடை.

ஆனால் இன்று வேறொன்று இருக்கிறது. 1988இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்குழு வழியே வந்த அசைக்ளோவிர் போன்ற மருந்துகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. கண்ணருகே வந்த அக்கி பார்வையைப் பறிக்கலாம். தோல் ஆறிய பின்னும் நரம்பின் எரிச்சல் மாதக்கணக்கில் நீடிக்கலாம். முதியோருக்கான தடுப்பூசியும் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. காவி காயக் காத்திருக்கும் மூன்று நாட்கள்தான் மருந்துக்குரிய மூன்று நாட்களும்.