செலவா, செலவு விழும் இடமா? தமிழ்நாடு–கேரளம் குழந்தைப் பராமரிப்பு ஒப்பீடு குறித்து ஒரு மறுவாசிப்பு

தமிழ்நாட்டைவிடக் கேரளத்தில் குழந்தைப் பராமரிப்புக்கு அதிகம் செலவாகிறது என்ற முடிவு, இரு மாநில ஒப்பீடுகளில் ஏறக்குறைய நிறுவப்பட்ட உண்மையாகவே கையாளப்பட்டு வருகிறது. கேரளத்தில் கூலி அதிகம். பராமரிப்பு முழுக்க முழுக்க ஆள் உழைப்பைச் சார்ந்தது. ஆகவே அங்கு அதன் விலையும் அதிகம் என்பது இதன் தருக்கம். சான்றாகக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு காட்டப்படுகிறது. அந்தச் சான்று இந்த முடிவைத் தாங்காது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். கணக்கெடுப்பில் பதிவாவது பராமரிப்பின் மொத்தச் செலவன்று. அதில் குடும்பத்தின் கையிலிருந்து போகும் பகுதி மட்டுமே.

2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நடந்த கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். குழந்தைப் பராமரிப்பு இதில் தனித் தொகுதியாக இல்லை. எல்.கே.ஜி. கட்டணம் கல்விச் செலவில் சேர்கிறது. வீட்டோடு இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் சம்பளம் வீட்டுப் பணியாளர் செலவில் கலந்துவிடுகிறது. பாட்டி பார்த்துக்கொண்டால் எங்கும் எதுவும் பதிவாவதில்லை. இலவசமாகப் பெற்ற மிதிவண்டிக்கும் பள்ளிச் சீருடைக்கும் மதிப்பிட்டுச் சேர்க்க இக்கணக்கெடுப்பு வழி செய்தது. ஆனால் இலவசக் கல்வி, மருத்துவச் சேவைகளுக்கு அப்படி மதிப்பிடவில்லை. அங்கன்வாடியில் குழந்தை கழிக்கும் நேரத்துக்கும் இதில் விலை இல்லை. ஆகவே ஒரு மாநிலத்தின் தொகை கூடுதலாகத் தெரிந்தால், அங்கு பராமரிப்பின் விலை அதிகம் என்றும் கொள்ளலாம். அங்கு அதிகமான குடும்பங்கள் காசு கொடுத்துப் பராமரிப்பைப் பெறுகின்றன என்றும் கொள்ளலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய இத்தரவில் வழியில்லை. 'கேரளம் செலவு மிக்க மாநிலம்' என்ற பொதுக் கூற்றுக்கே இதே கணக்கெடுப்பு முழுமையாக இடம் தரவில்லை. தலைக்கு மாதச் செலவு ஊரகத்தில் கேரளத்தில் 5,924 ரூபாய், தமிழ்நாட்டில் 5,310 ரூபாய். நகர்ப்புறத்தில் வரிசை தலைகீழாகி, தமிழ்நாடு 7,630 ரூபாயும் கேரளம் 7,078 ரூபாயுமாக நிற்கின்றன.

தமிழ்நாட்டின் வால்பாறையையும் கேரளத்தின் மூணாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். இரண்டும் தேயிலைத் தோட்டப் பகுதிகள். இரண்டிலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்து வருகின்றன. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தும் கடமையை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் மேல் சுமத்தியது. கொழுந்து பறிக்கப் போகும் தாய் பிள்ளையை விட்டுச் செல்லும் அத்தகைய காப்பகத்தில் ஆயாவின் சம்பளம் நிர்வாகத்தின் கணக்கு. அச்சம்பளம் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் வேறுபடலாம். ஆனால் குடும்பச் செலவுப் படிவத்தில் இரு பக்கமும் சுழியமே. உழைப்பின் விலை மாறியும் தரவு அசையவில்லை என்றால், அத்தரவை விலையின் அளவுகோல் என்று கொள்வது எப்படி?

அங்கன்வாடியிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டின் 54,439 மையங்களும் கேரளத்தின் 33,115 மையங்களும் குடும்பங்களுக்கு இலவசம். 2018 அக்டோபரில் பணியாளருக்கான அடிப்படை மதிப்பூதியம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆனது. இதை மத்திய அரசும் மாநிலங்களும் 60:40 என்று பகிர்கின்றன, கூடுதல் தொகையை மாநிலங்கள் தனியே தருகின்றன. இங்கு செலவு குறைவாகத் தெரிவதற்குத் திறமையான நிர்வாகம் காரணமன்று. பணியாளரை ஊழியராக ஏற்காமல் மதிப்பூதியத்தில் வைத்திருப்பதே காரணம். அதாவது செலவின் ஒரு பகுதியைப் பெற்றோருக்குப் பதில் அந்தப் பெண்ணே சுமக்கிறார்.

ஊதியமற்ற நேரத்தைக் கூலிக் கணக்கில் மதிப்பிட்டுச் சேர்த்தால் குறை நீங்கும் என்பர். 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதற்கு ஓரளவு உதவும். ஆனால் கேரளக் கூலியால் பெருக்கினால் கேரளப் பாட்டியின் நேரம் தானாகவே விலை கூடும். நிறுவ வேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கொண்ட வாதம் இது. ஒட்டுமொத்தப் போக்கையறிய இத்தரவே போதும் என்ற மறுப்புக்கு நீண்ட விடை தேவையில்லை: திசையே தெரியாத பிழையைக் கூட்டிப் பார்த்தால் போக்கு கிடைக்காது.

கேரளத்தில் பராமரிப்பு உண்மையிலேயே மலிவு என்று இக்கட்டுரை கூறவில்லை. அதற்கும் இத்தரவு போதாது. ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆகும் முழுச் செலவை அலகாகக் கொண்டு, அதைக் குடும்பம், அரசு, முதலாளி, ஊதியமின்றி உழைக்கும் பெண் என நான்காகப் பிரித்தால்தான் ஒப்பீடு தொடங்கும். நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கையில், அவர்களின் குழந்தைகளை ஊதியமின்றிப் பார்த்துக்கொள்ளும் அந்த நான்காவது பங்கை விட்டுவிட்டு இம்மாநிலத்தை 'மலிவு' என்று வகைப்படுத்துவது, காப்பகங்களுக்கு நிதி ஒதுக்காமலிருக்க அரசுக்குக் காரணம் தேடித் தருவதாகவே முடியும்.