செட்டு: ஒரு சொல்லும் அதன் கூட்டாளிகளும்

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் உள்ள சொல் எது என்று கேட்டால், வினாடி வினா நூல்கள் நெடுங்காலம் ‘செட்’ என்றே விடை தந்துவந்தன. காரணம் இல்லாமல் இல்லை. 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, இந்த வினைச்சொல்லுக்கு 430 பொருள்களைத் தந்து, சுமார் 60,000 சொற்களில் விளக்கியது. பின்னர் அந்தப் பட்டம் ‘ரன்’ பக்கம் போனது. மூன்றாம் பதிப்புக்காக அதைத் திருத்திய பீட்டர் கில்லிவர், ஒன்பது மாதம் உழைத்து அதன் வினைவடிவத்தில் 645 பொருள்களைப் பிரித்தார்.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. சூரியன் சாய்வது, சிமென்ட் இறுகுவது, முறிந்த எலும்பைச் சேர்த்துவைப்பது, சாப்பாட்டு மேசையில் தட்டு வைப்பது எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் ‘செட்’ என்கிறது. இவை நான்கு பொருளா, ‘ஓரிடத்தில் நிலைகொள்’ என்ற ஒரே கருத்து நான்கு இடங்களில் தலைகாட்டுகிறதா? அகராதிக்காரர் எங்கே கோடு கிழிக்கிறாரோ அதைப் பொறுத்து எண்ணிக்கை ஏறும், இறங்கும். குழம்பு வைப்பது, பெயர் வைப்பது, ஆசை வைப்பது, நகையை அடகு வைப்பது, ஒருவரை அழவைப்பது என்று தமிழின் ‘வை’யையும் இப்படிப் பிரிக்கத் தொடங்கினால் அதுவும் பக்கம் பக்கமாக நீளும்.

போதாக்குறைக்கு, ‘செட்’ என்பது வரலாற்றில் ஒரே சொல்லும் அல்ல. வினையின் மூலமான பழைய ஆங்கில ‘செட்டன்’, உட்காருதலைக் குறித்த ‘சிட்டன்’ என்பதன் பிறவினை. தமிழில் அமர், அமர்த்து போல. தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லோ லத்தீன் ‘செக்டா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சமயப் பிரிவைச் சுட்டும் ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. ஒலி ஒன்றானதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

தமிழுக்கு வந்தபோது இந்தப் பொருள்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வரவில்லை. சூரியன் சாயவும் தயிர் உறையவும் நம்மிடம் வினை இருந்தது. வந்ததெல்லாம் பெரும்பாலும் பெயர்ச்சொல்தான், அதுவும் கூட்டாளியோடு: நகை செட், சோபா செட், பல் செட், மைக் செட், சீரியல் செட். சொல்லின் பொருள் அந்தக் கூட்டாளியோடு ஒட்டிக்கொண்டே வளர்ந்தது. பம்பும் மோட்டாரும் சேர்ந்த இயந்திரத் தொகுதிதான் பம்புசெட். ஆனால் ‘பம்புசெட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வா’ என்கிறபோது அது ஓர் இடம். பரோட்டாக் கடையில் ஒரு செட் என்றால் இரண்டு. கர்நாடகத்திலிருந்து வந்த செட் தோசையும் இரண்டு மூன்றாகப் பரிமாறப்பட்டதால் பெற்ற பெயர்தான். இன்று அது எண்ணிக்கையைவிட, தடித்து மெத்தென்றிருக்கும் பதத்தையே நினைவூட்டுகிறது. எண்ணிக்கைச் சொல் பக்குவச் சொல்லாகிவிட்டது!

மனிதர்களிடம் வரும்போது இன்னொரு கிளை. ‘அவர் எங்க அப்பா செட்டு’ என்றால் சமவயதினர், கூடப் படித்தவர் என்று பொருள். ‘செட்டு சேர்வது’ கூட்டணி, சற்றே சந்தேகத்துக்குரியது. ‘செட்டப்பு’ இன்னும் ஒரு படி மேலே: முன்கூட்டிப் பேசிவைத்த நாடகம் முதல், ஊருக்குத் தெரியாத இரண்டாம் தொடர்பு வரை. ஒருவரை மாட்டிவிடும் சூழ்ச்சி ஆங்கில ‘செட்டப்’பிலும் உண்டு, இரண்டாம் தொடர்பு நாமே சேர்த்தது.

‘செட் ஆகு’ இதைவிடச் சுவாரசியமானது. ‘இந்த வேலை எனக்கு செட் ஆகல’, ‘எண்ணெய்ப் பலகாரம் வயித்துக்கு செட் ஆகாது’ என்பவற்றை அப்படியே ஆங்கிலத்தில் ‘செட்’ போட்டுச் சொன்னால் விளங்காது. இறுகுதல் என்ற பொருளிலிருந்து இது கிளைத்தது என்று வாதிட இடமுண்டு. ஆயினும் ‘ஒரே செட்டு’ என்ற வழக்கிலிருந்து, ஒரு தொகுதிக்குள் பொருந்துவது என்ற வழியில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பேச்சில் இதற்கு மாற்றாக வருபவை ‘ஒத்துப்போகல’, ‘சேராது’. இறுகுதலோடு தொடர்புள்ள சொல் எதுவும் வருவதில்லை.

பாடநூல் மட்டும் இந்தச் சொல்லை உள்ளே விடவில்லை. கணிதத்தில் தமிழ்நாடு ‘கணம்’ என்கிறது, இலங்கை ‘தொடை’ என்கிறது.

அகராதி தொகுப்பவருக்கு இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. சிக்கனம், வாணிகம் என்ற பொருள்களில் ‘செட்டு’ தமிழில் ஏற்கெனவே உண்டு. ‘செட்டா வாங்கு’ என்று பாட்டி சொன்னால் பார்த்துச் செலவழிக்க வேண்டும். பேத்தி சொன்னால் கம்மலுக்குப் பொருத்தமான நெக்லஸையும் சேர்த்து வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் போட முடியாது. இரவல் செட்டையும் அதன் கூட்டாளிகள் இல்லாமல் தனியாக விளக்க முடியாது.