பெட்டிக்கு வந்த முறைக்காய்ச்சல்

டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் இருந்த டெல் கணினிகள் சில ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. நிறுவனத்தார் அவற்றைப் பரிசோதித்தார்கள். கடினமான கணக்குகளைப் போடவைத்து இயந்திரங்களை மிதமிஞ்சி வாட்டியதுதான் காரணம் என்று முடிவு சொன்னார்கள். கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த இயந்திரத்தைப் பற்றிச் சொன்ன முடிவு அது. உண்மையான கோளாறு மதர்போர்டில், சுண்டுவிரல் நுனியளவே உள்ள கெப்பாசிட்டர்களில் இருந்தது. டெல் மீதான ஒரு வழக்கின் ஆவணங்கள் 2010-இல் வெளியானபோதுதான் ஊருக்கு அளவு தெரிந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை, பழுதாகக்கூடிய அந்தப் பாகத்தோடு போன கணினிகள் குறைந்தது 1 கோடியே 18 லட்சம்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்து, தானாகவே மறுபடி எழும் கணினியை வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே மணிக்கணக்கில் ஒழுங்காக ஓடும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி விழும். வைத்தியர் நாடி பார்க்கும் நேரத்தில் மட்டும் இறங்கிவிடும் முறைக்காய்ச்சலைப் போன்றது இது. எண்பது ஆண்டுக் கணினி வரலாற்றில் இந்தக் காய்ச்சலுக்கு முதலில் சொன்ன காரணம் பல தடவை தப்பாகப் போயிருக்கிறது. பழியும் பெரும்பாலும் பயன்படுத்தியவர் தலையில்தான் விழுந்திருக்கிறது.

தொடக்க காலத்தில் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. 1946-இல் பிலடெல்பியாவில் திறந்துவைத்த எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள். ஒரு குழாய் போனால் கணக்கு தப்பும். குழாய்கள் அதிகம் சாவது ஓடும்போதல்ல, இயந்திரத்தை அணைத்து மறுபடி போடும்போது என்பதைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் இழை விரிந்து சுருங்கி நைந்துபோகிறது. எனவே இயந்திரத்தை அணைப்பதையே கூடுமானவரை தவிர்த்தார்கள். அப்படியும் அது கோளாறில்லாமல் தொடர்ந்து ஓடிய மிக நீண்ட காலம், 1954-இல், 116 மணி நேரம்தான்.

குழாய் போய் சிலிக்கான் சிப் வந்த பிறகு கோளாறு கண்ணிலிருந்து மறைந்தது. 1970களின் பிற்பாதியில் இன்டெலின் நினைவகச் சிப்கள் விசித்திரமாக நடந்துகொண்டன. எங்கோ ஓரிடத்தில் ஒரு பூஜ்ஜியம் ஒன்றாக மாறிவிடும். அந்த இடத்தில் மறுபடி எழுதிப் பார்த்தால் சிப்பில் எந்தக் குறையும் இராது. இதன் மூலத்தை 1978-இல் விளக்கியவர்கள் திமோதி மே, மரே வுட்ஸ் என்ற இருவர். சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையில் யுரேனியமும் தோரியமும் துளித்துளி கலந்திருந்தன. அவற்றிலிருந்து கிளம்பும் ஆல்ஃபா துகள் ஒன்று சிலிக்கானுக்குள் பாய்ந்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். ஒரு பிட்டைத் தாங்கி நிற்கும் மின்னூட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஐபிஎம் நிறுவனத்துக்கு 1987-இல் வந்தது இதைவிடச் சிக்கலான வழக்கு. சிப்களில் கதிரியக்கம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியவில்லை. தொழிற்சாலையின் ஒவ்வொரு படியாகத் துழாவி, நைட்ரிக் அமிலம் வரும் பாட்டில்களில் வந்து நின்றார்கள். அந்தப் பாட்டில்களைச் சுத்தம் செய்த இயந்திரத்தில், தூசி ஒட்டாமலிருக்க நிலைமின்சாரத்தை நீக்கும் வேலைக்குப் பொலோனியம் 210 வைத்திருந்தார்கள். அது கசிந்து பாட்டிலுக்குள் இறங்கியிருந்தது. கணினியின் தடுமாற்றத்தை ஒரு பாட்டில் கழுவும் இடம் வரை பின்தொடர்ந்து போன அந்தப் பொறுமைக்குப் பழுதுபார்க்கும் தொழிலில் தனி இடம் உண்டு.

இனி கெப்பாசிட்டருக்கு வருவோம். கணினியின் மின்வழங்கல் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைப் பிராசசர் நேரடியாகத் தாங்காது. பென்டியம் 4 காலத்துப் பிராசசருக்குச் சுமார் ஒன்றரை வோல்ட் போதும், ஆனால் மின்னோட்டம் பல பத்து ஆம்பியர் வேண்டும். வேலை கூடும் கணத்தில் அந்தத் தேவை சடாரென்று எகிறும். அந்த நொடித்துண்டில் வோல்ட்டேஜ் சரியாமல் தாங்கிப் பிடிப்பவை பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்கள். உள்ளே அலுமினியத் தகடு, அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம், ஊறவைத்த காகிதம், மின்பகு திரவம். திரவத்தில் தண்ணீரைக் கூட்டினால் மின்தடை குறையும், விலையும் குறையும். ஆனால் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். அதைத் தடுக்கும் சேர்மானம் இல்லாவிட்டால் ஹைட்ரஜன் வாயு உருவாகி டப்பா உப்பும். வெடிக்காமல் பிளந்துகொள்வதற்கென்றே தலையில் கீறி வைத்த கோட்டின் வழியே பழுப்புத் திரவம் கசியும்.

2002 வாக்கில் தைவானில் செய்த கெப்பாசிட்டர்கள் இப்படிக் கூட்டங்கூட்டமாகச் சாகத் தொடங்கின. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் திரவச் சூத்திரத்தைத் திருடியவர்கள் அதைப் பாதியாகத் திருடிவிட்டார்கள், தடுப்புச் சேர்மானம் விடுபட்டுப்போனது என்று அப்போது செய்தி பரவியது. சுவையான கதை, உறுதியாக நிரூபிக்கப்படாத கதையும்கூட. இந்தக் காலகட்டம் முழுவதையும் அது விளக்காது. ஏனென்றால் டெல் வழக்கில் பேசப்பட்ட கெப்பாசிட்டர்களைச் செய்தது நிச்சிகான் என்ற ஜப்பானிய நிறுவனம். ஆப்பிளின் ஐமேக் ஜி5 கணினிகளிலும் மின்வழங்கல், திரைக் கோளாறுகள் வந்து, 2005-இல் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பழுதான கணினிகளைச் சரிசெய்யவும் மாற்றவும் டெல் அதே ஆண்டில் 30 கோடி டாலர் ஒதுக்கியது. பின்னாளில் மதர்போர்டு அட்டைப்பெட்டிகளில் 'சாலிட் கெப்பாசிட்டர்' என்ற சொல் பெரிய எழுத்தில் விளம்பரமானது இந்த அடிக்குப் பிறகுதான். திரவத்துக்குப் பதில் பாலிமர் வைத்தவை அவை.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, கடும் பிழை நேர்ந்தால் நீலத்திரையைக் காட்டி நிறுத்திவைக்காமல், தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி அமைக்கப்பட்டிருந்தது. என்ன பிழை என்று சொல்லும் எண் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடி மறைந்துவிடும். மக்கள் பார்த்தது திடீரென்று கறுத்து மறுபடி எழும் திரையை மட்டும். பல வீடுகளில் பழி வைரஸ் மீது போனது.

தமிழ்நாட்டுப் பழுதுபார்ப்பவர்கள் இந்தக் காய்ச்சலைக் கையாள ஒரு வரிசை வைத்திருந்தார்கள். சென்னை ரிச்சி தெருவிலோ சிறுநகரக் கடையிலோ, மூடியைக் கழற்றியதும் முதல் வேலை புளோயர் வைத்துத் தூசி ஊதுவது. அடுத்து ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிரப்பரால் தேய்த்து மாட்டுவது. தொடுமுனையில் படிந்த அழுக்கு நீங்கினால் பாதிப் பெட்டிகள் எழுந்துகொள்ளும் என்பது அவர்கள் அனுபவம். பிறகு பிராசசர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவி ஃபேனை உட்காரவைப்பது, உப்பிய கெப்பாசிட்டரைத் தேடுவது, கடைசியில் நல்லதென்று தெரிந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 'பவர் குட்' என்ற சைகை மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது ஒரு கணம் விழுந்தாலும் மதர்போர்டு ரீசெட் ஆகிவிடும். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது, நைந்த பேட்டரியோடு இருந்த யுபிஎஸ்கள் மாறும் அந்த நொடியில் தடுமாறின. கணினியும் விழுந்தது. கோளாறு பெட்டிக்குள் இல்லவே இல்லை. கடையில் ஒழுங்காக ஓடிய பெட்டி வீட்டில் விழுந்ததன் ரகசியம் பல நேரம் இதுதான். வாடிக்கையாளர் சொன்னதை நம்பி வீட்டுக்கே வந்து பிளக்கைப் பார்த்தவர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கதை பழங்கதையாகிவிடவில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்கள் விளையாட்டுகளின் நடுவே விழத் தொடங்கியபோது, திரையில் வந்த செய்தி கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்றது. அதை நம்பி, எந்தக் குறையும் இல்லாத கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தவர்கள் ஏராளம். கோளாறு பிராசசரில்தான் இருந்தது. அளவுக்கு மீறிய வோல்ட்டேஜ் அதைச் சிறுகச் சிறுக நையவைத்திருந்தது. 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோடு (பிராசசரின் உள்கட்டளை) திருத்தம் வெளியிட்டது, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே நைந்துபோன சிப்பை அந்தத் திருத்தம் மீட்டுத் தராது. கழற்றி வேறு மாட்ட வேண்டியதுதான்.