பெயரைச் சேர்த்துப் போட்ட பெரியவர்

சைட்டில் சீனியர் பக்கத்தில் நின்னுதான் எங்களைப் போன்ற என்ஜினீயர்கள் தொழில் கத்துக்கிட்டோம். அருங்காட்சியகக் காப்பாளர் தொழிலும் அப்படித்தான். 1920 முதல் 1940 வரை சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய கிரேவ்லி, சிலந்திகளை ஆராய்ந்த விலங்கியலார். இருந்தும் டி.என்.ராமச்சந்திரனோடு 1932-இல் செப்புத் திருமேனிகளின் பட்டியலையும், சி.சிவராமமூர்த்தியோடு 1939-இல் சிற்பக்கூட வழிகாட்டியையும் எழுதி, அந்த இளைஞர்கள் பெயரையும் தம் பெயரோடு போட்டார். சிவராமமூர்த்தி பின்னாளில் டெல்லி தேசிய அருங்காட்சியக இயக்குநரானார். நம்ம கங்கைகொண்ட சோழபுரம் பற்றியும் எழுதினார்.

நம்ம ஸ்ரீபுரந்தான் நடராஜர் களவுபோய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விலைபோனார். 2014-இல் நாடு திரும்பியதற்குப் பழைய புகைப்படம் முக்கியச் சாட்சி. இப்படிப் பதிவு எடுத்துவைக்க ஆள் வேண்டாமா? கிராமத்துப் பிள்ளைக்கு இத்துறையில் வழிசொல்ல ஆளில்லாததே தடை. தம்பி தங்கைகளே, ஆசையிருந்தால் தயங்காதீங்க. மூத்தவர்களே, ஒருத்தரையாவது கைதூக்கி விடுங்க.