கட்டுப்படுத்தக்கூடிய மூலக்கூறு மோட்டார்கள்

ஏ.டி.பி. மூலக்கூறு தரும் ஆற்றலைக் கொண்டு செல்லுக்குள் புரத இழைகளின் மேல் நடந்து, சரக்குகளைச் சுமந்து செல்லும் புரதங்கள் மூலக்கூறு மோட்டார்கள் எனப்படும். மயோசின், கைனசின், டைனீன் என இவை மூன்று குடும்பங்களாகும். இப்புரதங்களின் பகுதிகளை மாற்றியமைத்து, அவற்றின் வேகத்தையும் திசையையும் வெளியிலிருந்து ஆளும் முயற்சி இன்று தனித்துறையாக வளர்ந்துள்ளது.

பாதையும் நடையும்

மயோசின் ஆக்டின் இழைகளில் செல்கிறது. கைனசினும் டைனீனும் நுண்குழல்களில் நடக்கின்றன. 1985இல் கண்டறியப்பட்ட கைனசின் அடிக்கு 8 நானோமீட்டர் நகர்ந்து, பெரும்பாலும் செல்லின் விளிம்பை நோக்கிப் போகிறது. டைனீன் மையத்தை நோக்கி வருகிறது. மும்பையின் குர்லா நிலையத்தில் மத்திய ரயில் பாதையும் ஹார்பர் பாதையும் சந்திப்பதைப் போல, செல்லின் இருவகைப் பாதைகளும் ஆங்காங்கே சந்திக்கின்றன. ஒரே சரக்கைப் பல மோட்டார்கள் பற்றியிருப்பதால், அவ்விடங்களில் சரக்கு பாதை மாறவும் முடிகிறது.

திசைமாற்றம்

மயோசினின் தலைப்பகுதியில் எழும் சிறு அசைவை அதன் நெம்புகோல் கரம் பெரிதாக்குகிறது. மயோசின் 6 மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் நடப்பது 1999இல் தெரியவந்தது. கரத்தின் தொடக்கத்தில் உள்ள ஒரு கூடுதல் பகுதியே அதற்குக் காரணம். 2004இல் ஆய்வாளர் மான்ஸ்டைனின் குழு வேறு புரதத் துண்டுகளைப் பொருத்தி, முன்னோக்கிச் செல்லும் மயோசினைப் பின்னோக்கி நடக்கச் செய்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செவ் பிரையன்ட் குழு 2012இல் கால்சியத்தால் திசை மாறும் மயோசினை உருவாக்கியது. 2014இல் அதே குழு ஓட்ஸ் பயிரின் ஒளியுணர் புரதப் பகுதியை மோட்டார்களில் இணைத்தது. நீல ஒளி பட்டவுடன் அவற்றின் வேகமோ திசையோ மாறியது. ஒளியை நிறுத்தியதும் அவை பழைய நிலைக்குத் திரும்பின.

மும்பை ஆய்வுகள்

கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக்கின் குழு, சரக்கைச் சுமக்கும் மோட்டார்களின் விசையை ஒளி இடுக்கிகளால் அளந்தது. மல்லிக் பின்னர் பவாயிலுள்ள மும்பை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். தனித்து வலுவான கைனசின்கள் கூட்டாக இழுப்பதில் பின்தங்க, தனித்து வலுவற்ற டைனீன்கள் சுமையைப் பகிர்ந்து பெருவிசை தருவதை இக்குழு 2013இல் காட்டியது. செல் விழுங்கிய பொருளை அடக்கிய பையின் சவ்வில், கொலஸ்டிரால் மிகுந்த திட்டுகளில் டைனீன்கள் கூட்டமாகத் திரண்டு அப்பையைச் செல்லின் செரிமான நுண்ணுறுப்பை நோக்கி இழுப்பதை 2016இல் கண்டறிந்தது. காலா அசார் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியின் கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறு இத்திரட்சியைக் குலைக்கிறது. இத்துறைப் பணிக்காக மல்லிக்குக்கு 2018ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

இன்றைய நிலை

ஒளியால் இயங்கும் மோட்டார்கள் பெரும்பாலும் கண்ணாடித் தகட்டின் மேல், தூய்மையாக்கிய இழைகளிலேயே சோதிக்கப்பட்டுள்ளன. மருத்துவமோ இயற்கையான மோட்டாரை மருந்தால் ஆளத் தொடங்கிவிட்டது. இதயத் தசை மயோசினின் மிகைச் செயலைத் தணிக்கும் மாவாகாம்டென், இதயத்தசைத் தடிப்பு நோயின் ஒரு வகைக்காக 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஒரு மோட்டாரின் திசையை ஆள அதன் கரத்தை மாற்றியமைத்தால் போதும். செல்லுக்குள் சரக்கின் போக்கை ஆள வேண்டுமானால், மோட்டார்கள் எங்கே, எத்தனை கூடுகின்றன என்பதையும் ஆள வேண்டும். மும்பை ஆய்வுகள் இப்பொறியியலுக்குத் தந்த முதன்மையான பாடம் இதுவே.