கையில் காசு இருந்தும் வெற்றிக் குழுவைக் கலைத்த பாஸ்டன்: என்பிஏ சம்பளக் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

2024 ஜூனில் பாஸ்டன் செல்ட்டிக்ஸ் என்பிஏ கிண்ணத்தை 18ஆவது முறையாக வென்றது. வேறெந்தக் குழுவும் அத்தனை முறை வென்றதில்லை. 2025 மார்ச்சில் அந்தக் குழுவை 6.1 பில்லியன் டாலருக்கு விற்க உடன்பாடு ஏற்பட்டது. (இந்தக் கட்டுரையில் வரும் தொகை எல்லாமே அமெரிக்க டாலர்.) பழைய உரிமையாளர்கள் 2002இல் அதை வாங்கியது வெறும் 360 மில்லியனுக்கு.

மூன்றே மாதம் கழித்து, ஜூனில், கிண்ணம் வென்று தந்த ஜூரூ ஹாலிடே போர்ட்லந்துக்கு அனுப்பப்பட்டார். கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லான்டாவுக்குப் போனார். அனுபவசாலி அல் ஹார்ஃபர்ட் பிறகு கோல்டன் ஸ்டேட்டில் சேர்ந்தார். கிண்ணம் வென்ற குழுவின் முதல் ஆறு ஆட்டக்காரர்களில் மூவர் 2025-26 பருவத்தில் இல்லை.

6 பில்லியன் மதிப்புள்ள குழுவுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லையா என்ன? காசு இருந்தது. ஆனால் என்பிஏவில் இப்போது காசு மட்டும் இருந்தால் போதாது.

இங்கிலீஷ் பிரீமியர் லீக் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். காற்பந்தில் பணக்கார முதலாளி வந்தால் நட்சத்திரங்கள் வருவார்கள். காசில்லாத குழு கீழ்நிலை லீக்கிற்கு இறங்கும். என்பிஏவில் யாரும் இறங்குவதே இல்லை. கடைசி இடத்தில் முடித்த குழுவுக்குத் தண்டனைக்குப் பதிலாக, அடுத்த ஆண்டின் சிறந்த இளையரைத் தேர்ந்தெடுக்க நல்ல வாய்ப்பு கிடைக்கிறது. மைதானத்தில் 30 குழுக்களும் போட்டியாளர்கள். கணக்குப் புத்தகத்தில் அவை ஒரே வியாபாரத்தின் 30 பங்காளிகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

டிக்கெட், அரங்கில் விற்கும் உணவு, சட்டை, விளம்பரம் எல்லாம் உண்டு. ஆனால் பெரிய பங்கு ஒளிபரப்பு உரிமைதான். டிஸ்னி, என்பிசியூனிவர்சல், அமேசான் ஆகிய மூன்று நிறுவனங்களுடன் என்பிஏ செய்த 11 ஆண்டு ஒப்பந்தம் 2025-26 பருவத்தில் தொடங்கியது. மொத்த மதிப்பு ஏறக்குறைய 76 பில்லியன் டாலர். அதற்கு முந்திய 9 ஆண்டு ஒப்பந்தம் 24 பில்லியன்தான்.

தேசிய ஒளிபரப்புப் பணம் 30 குழுக்களுக்கும் சமமாகப் பிரிகிறது. நியூயார்க்கும் ஒன்றுதான், ஓக்லஹோமா சிட்டியும் ஒன்றுதான். வகுத்துப் பார்த்தால் ஒரு குழுவுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 230 மில்லியன் டாலர். தொடக்க ஆண்டுகளில் இதைவிடக் குறைவு, போகப் போகக் கூடும். ஒரு டிக்கெட்கூட விற்காவிட்டாலும் சம்பளத்தின் பெரும்பகுதி வந்துவிடும் என்று பொருள். குழுக்களின் விலை இப்படி ஏறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் பெரும்பான்மைப் பங்கை விற்க உடன்பாடு ஏற்பட்டபோது அதன் மதிப்பு 10 பில்லியன் என்று கணக்கிடப்பட்டது.

ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு?

கூடைப்பந்து தொடர்பான வருமானத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது 49 முதல் 51 விழுக்காடு, ஆட்டக்காரர்களுக்கு என்று கூட்டு ஒப்பந்தம் சொல்கிறது. ஒரு காலத்தில் இது 57 விழுக்காடாக இருந்தது. 2011இல் உரிமையாளர்கள் அரங்கின் கதவைப் பூட்டினார்கள். ஐந்து மாத இழுபறி, 82 ஆட்டப் பருவம் 66ஆகச் சுருங்கியது. கடைசியில் ஆட்டக்காரர்கள் இறங்கி வந்தார்கள். 57க்கும் 50க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். 10 பில்லியன் வருமானத்தில் அது ஆண்டுக்கு 700 மில்லியன்!

இந்தப் பாதி என்பது ஓர் உறை. அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு தனிமனிதரின் சம்பளம் மாற்றாது. ஒவ்வோர் ஆட்டக்காரரின் சம்பளத்திலும் 10 விழுக்காடு பிடித்து வைக்கப்படுகிறது. ஆண்டு முடிவில் மொத்தச் சம்பளம் பாதியைத் தாண்டிவிட்டால், பிடித்த பணத்திலிருந்து உரிமையாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சி வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் அடி இங்கேயும் விழும். ஆகவே ஒரு நட்சத்திரம் 300 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார் என்று செய்தி வந்தால், முதலாளியின் பையிலிருந்து மட்டும் அது போகிறது என்று நினைக்க வேண்டாம். சக ஆட்டக்காரர்களின் பங்கிலிருந்தும் போகிறது.

இந்த உறைக்குள் வராத பணமும் இருக்கிறது. குழுவை விற்றுக் கிடைக்கும் லாபத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பங்கு இல்லை. புதிய குழு லீக்கில் சேரக் கட்டும் நுழைவுக் கட்டணமும் கணக்கில் வராது. 360 மில்லியன் 6.1 பில்லியன் ஆனதில் பால் பியர்ஸ் முதல் ஜேசன் டேட்டம் வரை எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. அந்த ஏற்றம் முழுவதும் உரிமையாளர்களுக்கே. என்னைக் கேட்டால், என்பிஏ பொருளியலில் அதிகம் பேசப்படாத பெரிய விஷயம் இதுதான்.

மகளிர் லீக்கில் நிலைமை இன்னும் கூர்மையாக இருந்தது. 2024இல் அரங்குகளை நிரப்பிய கெயிட்லின் கிளார்க்கின் அந்த ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். 2025 ஜூலையில் நட்சத்திர ஆட்டத்துக்குமுன், சேர வேண்டியதைக் கொடுங்கள் என்ற கருத்து அச்சிட்ட சட்டைகளுடன் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வந்தார்கள். வருமானத்தில் கூடுதல் பங்கு கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

வரம்பு உண்டு, ஆனால் ஓட்டையும் உண்டு

1984-85 பருவத்தில் சம்பள உச்சவரம்பு வந்தது. ஒரு குழு மொத்தமாக 3.6 மில்லியன் டாலர்தான் சம்பளம் கொடுக்கலாம். 2025-26இல் அது 154.6 மில்லியன்.

ஆனால் இது கண்டிப்பான வரம்பு இல்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ள, வரம்பைத் தாண்டலாம். இந்த விலக்குக்கு லேரி பேர்ட் பெயரையே வைத்துவிட்டார்கள். பாஸ்டன் நட்சத்திரம்தான். இந்த விலக்கு எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 1997-98இல் ஒரு குழுவுக்கான உச்சவரம்பு 26.9 மில்லியன். சிக்காகோ, மைக்கல் ஜோர்டன் ஒருவருக்கு மட்டும் கொடுத்தது 33.1 மில்லியன்!

உரிமையாளர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த பருவத்திலும் கதவடைப்பு. 1999 முதல் தனிமனிதருக்கும் உச்சச் சம்பளம் வந்தது. ஆட்டக்காரரின் அனுபவத்தைப் பொறுத்து, குழுவின் உச்சவரம்பில் 25, 30 அல்லது 35 விழுக்காடு. அதனால்தான் உண்மையான சூப்பர் ஸ்டார்கள் தங்கள் சந்தை மதிப்பைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள். 50 மில்லியன் வாங்குபவரை 'குறைந்த சம்பளக்காரர்' என்று சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் அது உண்மை.

அதற்குப் பிறகு சொகுசு வரி. 2025-26இல் சம்பளம் 187.9 மில்லியனைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு லீக்கிடம் வரி கட்ட வேண்டும். வசூலாகும் வரியில் ஒரு பகுதி, வரி கட்டாத குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அண்டை வீட்டார் ஆடம்பரமாகச் செலவு செய்தால் உங்களுக்குக் காசு வரும், அப்படி ஒரு ஏற்பாடு. அடிக்கடி தாண்டினால் விகிதம் ஏறும். முந்திய நான்கு பருவங்களில் மூன்றில் வரி கட்டிய குழு, இப்போது தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் குறைந்தது 3 டாலர் கட்ட வேண்டும்.

அப்படியும் சிலர் அசரவில்லை. 2021-22இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வரியாக மட்டும் சுமார் 170 மில்லியன் கட்டியது. கிண்ணமும் வென்றது. மற்ற உரிமையாளர்களுக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை.

அப்போ 'ஏப்ரன்' என்றால் என்ன?

பேரைக் கேட்டால் சமையலறை ஞாபகம் வரும். 2023இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் சொகுசு வரிக் கோட்டுக்கு மேல் இரண்டாவதாக ஒரு கோடு போட்டது. அதுதான் 'இரண்டாம் ஏப்ரன்'. 2025-26இல் அது 207.8 மில்லியன் டாலர்.

சொகுசு வரி நம்மூர் இஆர்பி சாவடி மாதிரி. கட்டணம் கட்டினால் தாராளமாகப் போகலாம். இரண்டாம் ஏப்ரன் 'நுழையக்கூடாது' பலகை மாதிரி. அதைத் தாண்டிய குழு, இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை மாற்றி வாங்க முடியாது. மாற்றத்தில் ரொக்கம் சேர்த்துக் கொடுக்க முடியாது. வெளியிலிருந்து ஆள் எடுக்கக் குறைந்தபட்சச் சம்பளம் தவிர வேறு வழி ஏறக்குறைய இல்லை. ஏழு ஆண்டுக்குப் பிந்திய முதல் சுற்றுத் தேர்வு உரிமை உறைந்துபோகும்; தொடர்ந்து மேலேயே இருந்தால் அந்த உரிமை சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும்.

இந்த அபராதங்களைப் பணத்தால் தீர்க்க முடியாது. எத்தனை பில்லியன் வைத்திருந்தாலும் குழுவை மாற்றி அமைக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும்.

இப்போது பாஸ்டனின் கணக்கைப் போடலாம். 2025-26க்கு ஜேசன் டேட்டமுக்கு 54 மில்லியன், ஜேலன் பிரௌனுக்கு 53, ஹாலிடேக்கு 32, போர்சிங்கிஸுக்கு 31, டெரிக் வைட்டுக்கு 28. ஐந்தே பேருக்கு 198 மில்லியன்! இரண்டாம் ஏப்ரனுக்கு மிச்சம் 10 மில்லியன்கூட இல்லை. இன்னும் ஏறக்குறைய பத்துப் பேரைச் சேர்க்க வேண்டும். பாஸ்டன் ஏற்கெனவே மூன்று ஆண்டு தொடர்ந்து வரி கட்டிய குழு என்பதால் விகிதமும் உச்சத்தில். அப்படியே வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து 500 மில்லியனை நெருங்கும் என்று அப்போது ஊடகங்கள் கணக்கிட்டன.

அதற்கு நடுவே 2025 மே மாதம், நியூயார்க்குடனான ஆட்டத்தில் டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்தது. அடுத்த பருவத்தில் அவர் பெரும்பகுதி ஆட முடியாது என்பது தெரிந்துவிட்டது. அரை பில்லியன் செலவழித்து நட்சத்திரம் இல்லாமல் ஆடுவதா? பாஸ்டனுக்குச் சொந்த அரங்கமும் இல்லை. டிடி கார்டன் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம். அரங்கின் மற்ற நிகழ்ச்சிகளிலிருந்து வரும் வருமானம் குழுவுக்குக் கிடையாது. நிர்வாகம் கத்தரிக்கோலை எடுத்தது. காயம் இல்லாவிட்டாலும் யாராவது போயிருப்பார்கள் என்பதே என் கணிப்பு. காயம் முடிவை வேகப்படுத்தியது, அவ்வளவுதான்.

இதனால் யாருக்கு நஷ்டம்? டேட்டமுக்கோ பிரௌனுக்கோ இல்லை. புதிதாக வரும் இளையருக்கும் இல்லை. 2025-26இல் அவர்களின் குறைந்தபட்சச் சம்பளமே 1.27 மில்லியன். நடுவில் இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 15 முதல் 30 மில்லியன் வாங்கும் நல்ல ஆட்டக்காரர்கள். உச்சச் சம்பளம் பேசிவிட்ட இரண்டு நட்சத்திரங்களுக்குப் பிறகு, வெட்ட முடிவது இவர்களைத்தான். ரசிகர்களுக்கும் இழப்பு உண்டு. மூன்று நான்கு ஆண்டு சேர்ந்து ஆடி, ஒருவர் நகர்வை இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகிய குழுக்கள் இனி அபூர்வமாகலாம்.

மறுபக்கம், போட்டி திறந்துவிட்டது என்பதையும் மறுக்க முடியாது. 2019 முதல் 2025 வரை ஏழு பருவம், ஏழு வெவ்வேறு வெற்றியாளர்கள். ஆனால் இரண்டாம் ஏப்ரன் வந்தது 2023இல்தான். எல்லாப் பெருமையையும் அதற்கே கொடுத்துவிட முடியாது.

ஏழாவது வெற்றியாளர் ஓக்லஹோமா சிட்டி தண்டர். சிறிய நகரம், இளைய குழு. ஜேலன் வில்லியம்ஸும் செட் ஹோம்கிரனும் தொடக்ககால மலிவு ஒப்பந்தத்தில் ஆடியதால்தான் 2025இல் அத்தனை திறமையையும் ஒரே இடத்தில் வைத்திருக்க முடிந்தது. கிண்ணம் வென்ற அடுத்த மாதமே அவர்கள் இருவருக்கும் ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டருக்கும் புதிய ஒப்பந்தங்கள் போடப்பட்டன. மூன்றும் சேர்ந்து 800 மில்லியன் டாலரைத் தாண்டக்கூடும். இளையர் இருவரின் புதிய சம்பளம் 2026-27இல் தொடங்குகிறது, ஷேயுடையது 2027-28இல். அதே குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர் லூ டோர்ட், நடுக்கள ஆட்டக்காரர் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைன் இருவரும் அந்த நடுத்தரச் சம்பளக்காரர்கள். இருவரின் ஒப்பந்தத்திலும் 2026-27ஆம் ஆண்டைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை குழுவிடம் விடப்பட்டிருந்தது.